பரமபதமும் பாதாளக் குகையும்



விடுமுறைக்கு வையம்பட்டி வந்த பேரன் 'கிளாங்க்' என்றொரு பலகை விளையாட்டைக் கொண்டு வந்தான். 2016இல் வெளியானது. டிராகன் காக்கும் பாதாளக் குகையில் இறங்கி, புதையலோடு உயிர் தப்பி வர வேண்டும். தாயக்கட்டை கிடையாது. தொடக்கத்தில் ஆளுக்குப் 10 சீட்டு. ஒவ்வொரு முறையும் 5 எடுத்து ஆட வேண்டும். புதுச் சீட்டுகள் வாங்கிச் சேர்க்கலாம். கட்டு தீர்ந்ததும் கலைத்தால், வாங்கியவை நம் கைக்கே வரும். 2008இல் வந்த 'டொமினியன்' பரப்பிய முறை இது.

எனக்குப் பரமபதம் நினைவுக்கு வந்தது. வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்க அதை ஆடுவோம். அதிகாலையில் ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் திறக்கும். அதில் ஏணி புண்ணியம், பாம்பு பாவம். 1890களில் இங்கிலாந்து போன இந்த ஆட்டம், பாவ புண்ணியங்களை மெல்ல உதிர்த்து, வெறும் எண்கள் போட்ட பாம்பும் ஏணியுமாக நம் கடைகளுக்கே திரும்பி வந்தது.

ஆனால் ஒன்று யோசியுங்கள். பரமபதம் வினைப்பயனைச் சொல்கிறது. காயை நகர்த்துவதோ தாயம். பாம்பில் விழுந்தவன் தப்பு எதுவும் செய்யவில்லை. கிளாங்கில் எந்தச் சீட்டு எப்போது வரும் என்பது அதிர்ஷ்டம்; கட்டில் என்ன இருக்கிறது என்பது நாம் சேர்த்தது. குகையில் சத்தம் போட்டால் நம் நிறக் கட்டைகள் டிராகனின் பைக்குள் சேரும். பிறகு பையிலிருந்து எடுக்கும்போது நம் நிறம் வந்தால், அடி நமக்குத்தான். முன்வினை பின்னால் வருவது இதுதானே!

அதனால், பிள்ளைகள் இதை ஆடினால் 'சீட்டாட்டம்' என்று திட்டாதீர்கள். கூட உட்காருங்கள். பரமபதத் தாளையும் பக்கத்தில் விரித்து, அதன் கதையைச் சொல்லுங்கள்.