செங்கொடிக்கு எதிரே செங்கொடி – 9: பதினைந்து வண்டிகள்

1921 மார்ச் 1. பின்லாந்து வளைகுடா பாறையாக உறைந்து கிடக்கிறது. பெட்ரோகிராடுக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில், கோட்லின் தீவிலுள்ள க்ரோன்ஸ்டாட் கடற்படைக் கோட்டையின் நங்கூரச் சதுக்கத்தில் ஏறத்தாழ 15,000 பேர் திரண்டு நிற்கிறார்கள். மாலுமிகள், செம்படை வீரர்கள், துறைமுகப் பட்டறைத் தொழிலாளர்கள். பேச வந்திருப்பவர் சோவியத் அரசின் தலைவர் மிகயீல் கலினின். வாத்தியம் முழங்க, கொடிகள் பறக்க, அவரை மரியாதையோடுதான் அழைத்து வந்தார்கள்.

இந்த வரவேற்பு முக்கியம். அவர்கள் ஜார் மன்னனைத் திரும்பக் கேட்டவர்கள் இல்லை. 1917-ல் ட்ராட்ஸ்கியே புரட்சியின் பெருமை என்று கொண்டாடிய கோட்டை இது. அக்டோபர் எழுச்சிக்கு ஆளும் ஆயுதமும் அனுப்பிய கோட்டை.

அவர்களின் மனம் ஏன் முறிந்தது? போன வாரம் பார்த்த பெட்ரோகிராடை நினைத்துக்கொள்ளுங்கள். 1917-ல் இருபது லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த நகரம், மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ஜனவரியில் ரொட்டிப் பங்கீட்டிலும் மூன்றில் ஒன்றை வெட்டினார்கள். கிராமத்துக்குப் போய் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வாங்கி வந்தால், சாலைத் தடுப்புப் படை அதைப் பிடுங்கிக்கொண்டது. விவசாயியின் களஞ்சியத்தைத் துடைத்தெடுக்க ஆயுதம் தாங்கிய கொள்முதல் குழுக்கள் அலைந்தன. விடுப்பில் ஊருக்குப் போன மாலுமி தன் வீட்டிலேயே இதைப் பார்த்தான். பிப்ரவரி இறுதியில் பெட்ரோகிராட் ஆலைகள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும், நகரத்தின் கட்சித் தலைவர் ஜினோவீவ் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார்.

என்ன நடக்கிறது என்று நேரில் பார்த்துவர கோட்டை ஒரு குழுவை அனுப்பியது. அவர்கள் திரும்பி வந்து சொன்னதைக் கேட்டு, பிப்ரவரி 28-ல் பெத்ரோபாவ்லோவ்ஸ்க் போர்க்கப்பலில் ஒரு தீர்மானம் பிறந்தது. அதில் 15 கோரிக்கைகள். சோவியத்துகள் எனப்படும் தொழிலாளர், வீரர் மன்றங்களுக்கு ரகசிய வாக்கெடுப்பில் மறுதேர்தல். தொழிலாளர்கள், விவசாயிகள், அராஜகவாதிகள், இடதுசாரி சோஷலிஸ்டுகள் ஆகியோருக்குப் பேச்சுரிமை, எழுத்துரிமை. சிறையிலிருக்கும் சோஷலிஸ்டுகளின் விடுதலை. சாலைத் தடுப்புப் படைகள் ஒழிய வேண்டும். கூலிக்கு ஆள் வைக்காதவரை விவசாயிக்கு நிலத்தின்மேல் முழு உரிமை. நிலப்பிரபுவைத் திரும்ப அழைக்கும் வரி ஒன்றுகூட அதில் கிடையாது.

இந்தக் கோரிக்கைகளுக்கும் மார்க்சியத் தத்துவத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1871 பாரிஸ் கம்யூனில் மார்க்ஸ் எதைப் போற்றினார்? பிரதிநிதியை மக்கள் எப்போது வேண்டுமானாலும் திருப்பி அழைக்கலாம், அவருக்கும் தொழிலாளியின் கூலிதான் என்ற ஏற்பாட்டை. அதையே விரித்து, 1917-ல் தலைமறைவாக இருந்தபோது 'அரசும் புரட்சியும்' நூலை எழுதினார் லெனின். நான்கே ஆண்டுகளில் அந்த வாக்குறுதியைக் கையில் எடுத்துக்கொண்டு மாலுமிகள் வாசலில் வந்து நிற்கிறார்கள். பாட்டாளி வர்க்கத்தின் ஆட்சியா, பாட்டாளியின் பெயரால் ஒரு கட்சியின் ஆட்சியா? அந்த நூற்றாண்டு முழுவதும் எழப்போகிற கேள்வியை முதலில் உரக்கக் கேட்டது இந்தக் கோட்டைதான் என்பது என் முடிவு.

சதுக்கத்துக்கு வருவோம். கலினின் பேசத் தொடங்கியதுமே கூச்சல். உனக்கென்னப்பா, கதகதப்பாக இருக்கிறாய் என்று கூட்டத்திலிருந்து குரல். கடற்படை ஆணையர் குஸ்மின் எழுந்து பழைய வீரக் கதைகளை நினைவூட்டினார். அவரையும் பேச விடவில்லை. தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. கலினின், குஸ்மின், உள்ளூர் சோவியத் தலைவர் வசீலியேவ் ஆகிய மூவர் மட்டுமே எதிர்த்தார்கள். கட்சி அட்டை வைத்திருந்த கம்யூனிஸ்டுகள் பலரும் ஆதரித்துக் கை தூக்கினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் கலினினை யாரும் தொடவில்லை. அவர் பத்திரமாகப் பெட்ரோகிராட் திரும்பினார்.

மறுநாள், மார்ச் 2. கல்வி மாளிகையில் சுமார் 300 பிரதிநிதிகள். நடக்கவிருந்தது சோவியத் மறுதேர்தலுக்கான ஏற்பாடு மட்டுமே. கலகம் என்று யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. தலைமை வகித்தவர் ஸ்டெபான் பெத்ரிசென்கோ. விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, பெத்ரோபாவ்லோவ்ஸ்க் கப்பலில் எழுத்தர் வேலை. குஸ்மின் மறுபடி எழுந்தார். கம்யூனிஸ்டுகள் போரிடாமல் அதிகாரத்தை விட்டுத்தர மாட்டார்கள் என்ற பொருளில் எச்சரித்தார். கூட்டம் கொதித்தது. அவரையும் வசீலியேவையும் அங்கேயே கைது செய்தார்கள்.

அப்போதுதான் அந்தக் குரல் எழுந்தது. துப்பாக்கிகளோடும் இயந்திரத் துப்பாக்கிகளோடும் பதினைந்து வண்டி கம்யூனிஸ்டுகள் இந்த மாளிகையை நோக்கி வருகிறார்கள்!

மண்டபம் கலங்கியது. தேர்தலை நடத்த நேரமில்லை, உடனே ஒரு தலைமை வேண்டும். மேடையில் இருந்த ஐந்து பேரும் அந்த நிமிடமே தற்காலிகப் புரட்சிக் குழுவாக அறிவிக்கப்பட்டார்கள். பெத்ரிசென்கோ தலைவர். அன்றிரவே தொலைபேசி நிலையமும் ஆயுதக் கிடங்குகளும் ஒரு துளி ரத்தம் சிந்தாமல் அவர்கள் வசம் வந்தன.

வண்டிகள் வரவே இல்லை. கட்சிப் பள்ளியைச் சேர்ந்த ஒரு கூட்டம் கோட்டையை விட்டு வெளியேறக் கிளம்பியிருந்தது. அதைத்தான் படையெடுப்பு என்று எண்ணிவிட்டார்கள். ஒரு வதந்தி கோரிக்கை மனுவைக் கலகமாக மாற்றிவிட்டது.

மாஸ்கோ காத்திருக்கவில்லை. லெனினும் ட்ராட்ஸ்கியும் கையெழுத்திட்ட அறிக்கை, இது எதிர்ப்புரட்சிப் படையான வெண்படையின் சதி என்றது. ஆதாரமாகக் காட்டியது இரண்டை: கோட்டையில் பீரங்கிப் படைக்குப் பொறுப்பாக இருந்த கோஸ்லோவ்ஸ்கி முன்னாள் ஜார் தளபதி, க்ரோன்ஸ்டாடில் கலகம் என்று பாரிஸ் பத்திரிகைகள் பிப்ரவரி மத்தியிலேயே எழுதியிருந்தன. ஆனால் கோஸ்லோவ்ஸ்கியை அந்த வேலையில் அமர்த்தியதே போல்ஷெவிக் ஆட்சிதான். பனியை உடைத்துக் கப்பல்களை விடுவிக்கலாம், எதிர்க்கரையிலுள்ள ஒரானியன்பாமைப் பிடிக்கலாம் என்று அதிகாரிகள் சொன்ன யோசனைகளைப் புரட்சிக் குழு ஏற்கவில்லை. முதல் குண்டைத் தாங்கள் சுடக்கூடாது என்பதில் மாலுமிகள் பிடிவாதமாக இருந்தார்கள். 1917-ன் மாலுமிகள் வேறு, இவர்கள் வேறு என்று பிற்காலத்தில் ட்ராட்ஸ்கி வாதிட்டார். பதிவேடுகள் அதற்கு இடம் தரவில்லை. பெத்ரோபாவ்லோவ்ஸ்க், செவஸ்தோபோல் ஆகிய இரு போர்க்கப்பல்களிலும் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் 1917-லோ அதற்கு முன்போ சேர்ந்தவர்கள்.

மார்ச் 5-ல் போர்த்துறை ஆணையர் ட்ராட்ஸ்கியின் இறுதி எச்சரிக்கை வந்தது: நிபந்தனையின்றிச் சரணடையுங்கள். பெட்ரோகிராடில் மாலுமிகளின் குடும்பங்கள் பிணைக்கைதிகளாகப் பிடிக்கப்பட்டன. அங்கே இருந்த அராஜகவாதிகள் எம்மா கோல்ட்மனும் அலெக்சாண்டர் பெர்க்மனும் சமரசம் பேசத் தாங்கள் தயார் என்று ஜினோவீவுக்கு எழுதினார்கள். அது பலிக்கவில்லை.

அரசுக்கு ஓர் அவசரம் இருந்தது. மாத இறுதிக்குள் பனி உருகிவிடும். உருகினால் அந்த இரு பெரும் போர்க்கப்பல்களும் நகரத் தொடங்கும். தீவை நடந்து போய்ப் பிடிக்க முடியாது. மார்ச் 8-ல் மாஸ்கோவில் கட்சியின் பத்தாவது மாநாடு வேறு தொடங்குகிறது. அன்றே வெற்றிச் செய்தி வேண்டும். பொறுப்பு 28 வயதுத் தளபதி துகாசெவ்ஸ்கியிடம் தரப்பட்டது.

மார்ச் 7 மாலை, கரையிலிருந்து பீரங்கிகள் முழங்கின. கோட்டை பதிலுக்கு முழங்கியது. இரவோடு பனிப்புயலும் சேர்ந்துகொண்டது. மறுநாள் விடியுமுன் வெள்ளை அங்கி போர்த்திய வரிசைகள் உறைந்த கடல்மேல் இறங்கின. முன்வரிசையில் இளம் ராணுவப் பயிற்சி மாணவர்கள். பின்னால், திரும்பி ஓடுபவர்களைச் சுட, ரகசியப் போலீசான செக்காவின் இயந்திரத் துப்பாக்கிகள். ஒளிந்துகொள்ள ஒரு மரமில்லை, மேடில்லை.

கோட்டையின் பீரங்கிகள் அவர்களை நோக்கித் திரும்பின. ஆளைக் குறிபார்க்கத் தேவையே இல்லை; காலடிப் பனியைப் பிளந்தால் போதும்.

முதல் குண்டு விழுந்தது.

(அடுத்த வாரம் தொடரும்)