மலையகத் தாயும் மேன்முறையீடும்

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கைவிட்டுச் செல்லும் பெற்றோரையே தண்டித்தது. கவனியாது விடுதலையும் குற்றமாக்கியது 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச்சட்டம். 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதற்கு இரண்டு முதல் பத்தாண்டுச் சிறையை விதித்தது. ஆயினும் ‘வேண்டுமென்றே’ என்னும் சொல் இரண்டிலும் உண்டு. கொழுந்தெடுக்கும் தாயொருத்தி மேன்முறையீட்டிற் பற்றிக்கொள்ளத்தக்கது அச்சொல்லே. பிரட்டுக்களத்துக்கு விரைந்தவள், பிள்ளைக்காம்பரா இல்லாத தோட்டத்திற் குழந்தையை லயத்தில் விட்டது வேண்டுமென்றா, வழியின்றியா? முதல் விசாரணையில் எழாத இவ்வினாவைப் பின்னர் எழுப்புதல் எளிதன்று. தீர்ப்பளித்து 14 நாட்களுள் மேன்முறையீடு செய்தல் வேண்டும். ஹற்றனுக்கோ நுவரெலியாவுக்கோ சென்றுவரும் ஒவ்வொரு நாளும் ஒரு ‘பேர்’, அஃதாவது ஒரு நாட்கூலி, இழப்பாகும்.