மீட்டிய பின் நிற்கும் நாதம்

ஆந்திரத்துப் புத்தூர் என்றதும் முறிந்த எலும்பைக் கூட்டிக் கட்டுப் போடும் விரல்களே எவருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அவ்வூருக்குச் சில கல் தொலைவில், மலைகளை அண்டிக் கிடக்கும் கார்வேட்டிநகரத்தில், ஸங்கீதத்தைப் போஷித்த ஸமஸ்தானம் ஒன்று இருந்தது; அங்கே குடிகொண்ட வேணுகோபாலனை முத்திரையாக வைத்துச் சாரங்கபாணி பதங்கள் இயற்றினார்; அதே ஸமஸ்தானத்துக் கோவிந்தசாமய்யா வர்ணங்கள் இயற்றினார். பதம் அவசரத்தை அறியாத உருப்படி. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு நகருமுன் அதன் நிழலில் சற்றே தங்கிப் போகும் அந்தச் சௌக்க காலத்துக்கு மிடறு எவ்வளவு பொருத்தமோ, அவ்வளவு பொருத்தம் வீணை.

வீணையின் பெருமை மீட்டுவதில் மட்டும் இல்லை. வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தந்தியைத் தட்டிவிட்டு ஓய்ந்த பிறகு, இடக்கை அத்தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்து, தேய்ந்துகொண்டே போகும் அந்த ஒரே நாதத்திலிருந்து இரண்டு, மூன்று ஸ்வரங்களைப் பிழிந்தெடுப்பதில்தான் இருக்கிறது. ஆகவே நாதம் எவ்வளவு நேரம் உயிரோடிருக்கிறதோ, அவ்வளவுதான் வித்வானின் கற்பனைக்குக் கிடைக்கும் அவகாசம்.

அந்த அவகாசத்தை மௌனத்தினால் சம்பாதித்தவர் வீணை தனம்மாள் (1867–1938). சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்த கச்சேரிகளில் மிருதங்கம் கிடையாது. அவரது வாசிப்பின் மெல்லொலி காதில் விழ வேண்டுமானால், வந்திருந்த ரஸிகர்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அம்மையார் முதுமையில் சில இசைத்தட்டுகள் கொடுத்தார். பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்கு மேல் கொள்ளாத அந்தத் தட்டில் அவருடைய வாசிப்பை அடைக்க நேர்ந்தது, பெருங்குளத்தைச் செம்பில் முகக்கிற காரியம்தான்.

பிறகு இரண்டு மாறுதல்கள் வந்தன. 1948-இல் அமெரிக்காவில் தோன்றிய நெடுநேர இசைத்தட்டு, பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் இடம் தந்தது. வீணையின் உடம்போடு ஒட்டிவைக்கும் காண்டாக்ட் மைக், தேய்ந்து மறையும் நாதத்தின் வால்நுனியைக்கூடக் கேட்கும்படி செய்தது. மின்சாரம் வீணையின் இயல்பைக் கெடுத்துவிட்டது என்று சம்பிரதாயவாதிகள் வருந்தினார்கள்; அவர்களுடைய கவலையில் நியாயம் இல்லாமலில்லை. எனினும், தனம்மாள் வீட்டு மௌனம் இனி ஆயிரம் பேர் கூடும் மண்டபத்தில் கிடைக்காது என்றான பின், மெல்லிய ஒலியை மெல்லியதாகவே பெரிய சபைக்குக் கொண்டு சேர்க்க வேறு வழி எது? எஸ். பாலசந்தர் (1927–1990) இதை நன்கு உணர்ந்தவர். குருவின்றித் தாமே வீணை பயின்ற அவர், 1954-இல் பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ படத்தை எடுத்தவரும்கூட. பாட்டை அப்படி விலக்கத் துணிந்தவரே பின்னாளில் 72 மேளகர்த்தா ராகங்களையும், வார்த்தையின் துணையின்றி, வீணையிலேயே பதிவு செய்து வைத்துப் போனார்.

மேல்நாட்டில் கிதாரின் கதையும் இப்படியே. பெரிய வாத்தியக் கோஷ்டிகளின் முழக்கத்தில் அமுங்கிப்போன அதன் குரலை மீட்கவே, 1930களில் தந்தியின் அதிர்வைக் காந்தத்தினால் மின்சாரமாக்கும் உபாயத்தைக் கண்டார்கள். உரக்கப் பேசுவதற்காகப் பிறந்த அந்தச் சாதனம் நெடுநேரம் பேசவும் கற்றுக்கொண்டது. ஆந்திரத்துப் பாலகொல்லுவில் 1969-இல் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ், அதே உபாயத்தால் ஒலிக்கும் மின்மாண்டலினில் எட்டுத் தந்திகளை ஐந்தாகக் குறைத்து, கமகத்துக்கு இடம் உண்டாக்கினார். சுகுமார் பிரசாத்தும் பிரசன்னாவும் மின்கிதாரைக் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்தார்கள். அம்மேடையில் ஆலாபனை நடக்கும் வேளையில் மிருதங்க வித்வான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு தலையசைத்துக் கேட்கிறார். தந்தி ஒன்றே, விட்டு விட்டு, பேசிக்கொண்டிருக்கிறது.