மார்மன் இளம் மிஷனரிகளின் ஊழிய வாழ்க்கை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் யூட்டா மாநிலத்திலுள்ள சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்டதும், பொதுவழக்கில் மார்மன் சபை என்று அழைக்கப்படுவதுமான பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்த இளைஞரும் யுவதிகளும், பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியிலோ தொழிலிலோ காலூன்றும் பருவத்தில், ஊதியம் எதுவும் பெறாமல், தாமே தேர்ந்துகொள்ளாத ஓர் ஊருக்குச் சென்று சமயப் பிரசாரம் செய்வது அச்சபையின் நெடுநாளைய சம்பிரதாயமாகும். ஆண்கள் 24 மாதமும் பெண்கள் 18 மாதமும் இவ்வூழியத்தில் இருப்பர். இவர்கள் தொழில்முறைக் குருமார் அல்லர். வேதசாஸ்திரக் கல்லூரிகளில் பயின்றவரும் அல்லர். ஊழியம் முடிந்தபின் பொறியாளராகவோ, வைத்தியராகவோ, கடை நடத்துபவராகவோ சாதாரண வாழ்க்கைக்குத் திரும்பிவிடும் இவர்களை நம்பியே ஓர் உலகளாவிய சபை தன் பிரசாரத்தை நடத்திவருவது சமய வரலாற்றில் விசேஷமாகக் கவனிக்கத்தக்கது.

ஜோசப் ஸ்மித் 1830 ஏப்ரல் 6ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் இச்சபையை ஸ்தாபித்த அதே ஆண்டில், அவருடைய தம்பி சாமுவேல் ஸ்மித் சபையின் வேதநூலான மார்மன் புஸ்தகத்தின் பிரதிகளைச் சுமந்துகொண்டு அண்டை ஊர்களுக்குக் கால்நடையாகப் புறப்பட்டார்; அவரையே முதல் மிஷனரியாகச் சபையார் கருதுகின்றனர். ஆனால் அக்காலத்து மிஷனரிகள் பெரும்பாலும் குடும்பஸ்தர். 1839ஆம் ஆண்டு சபையின் அப்போஸ்தலரான பிரிகாம் யங்கும் ஹீபர் கிம்பலும் இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது, இருவரும் மலேரியாக் காய்ச்சலில் நடக்கவும் மாட்டாமல் தள்ளாடினர் என்பதும், யங்கின் மனைவி பத்தே நாள் குழந்தையோடு நோயுற்றுக் கிடந்தார் என்பதும் சபை வரலாற்றில் மறவாமல் சொல்லப்படும் செய்திகள். தமிழர்க்கு அணுக்கமான சரித்திரமும் ஒன்று உண்டு. 1849இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் சபையின் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியைத் தொடங்கியவரான ரிச்சர்ட் பாலன்டைன், 1852இல் அழைப்புப் பெற்று, மனைவி மக்களைப் பிரிந்து, கல்கத்தா வழியாக 1853இல் சென்னைப்பட்டினம் வந்து சேர்ந்து, ஏறத்தாழ ஓராண்டுக் காலம் இங்கே பிரசங்கம் செய்தும், சொந்தமாகப் பத்திரிகை ஒன்றை வெளியிட்டும், மிகச் சிலரையே சேர்த்துக்கொண்டு திரும்பினார்.

மணமாகாத பெண்கள் முதன்முதலில் பிரசார ஊழியத்துக்கு அனுப்பப்பட்டது 1898இல். ஐனஸ் நைட், ஜென்னி பிரிம்ஹால் என்னும் அவ்விருவரும் இங்கிலாந்தில் பணிபுரிந்தனர். தகுதியுள்ள ஒவ்வோர் இளைஞனும் ஊழியத்துக்குச் செல்ல வேண்டும் என்று சபைத் தலைவர் ஸ்பென்சர் கிம்பல் 1974இல் வற்புறுத்திய பிறகு, அது ஆண்மக்களின் கர்த்தவ்யமாகவே கொள்ளப்படலாயிற்று. 2012 அக்டோபரில் அப்போதைய சபைத் தலைவர் தாமஸ் மான்சன் குறைந்தபட்ச வயதை ஆண்களுக்கு 19இலிருந்து 18ஆகவும், பெண்களுக்கு 21இலிருந்து 19ஆகவும் குறைத்தபோது, 59,000க்குச் சற்றுக் குறைவாக இருந்த மிஷனரிகளின் தொகை மறு ஆண்டின் முடிவில் 83,000ஐக் கடந்தது. இதனால் ஊழியத்துக்கு வருவோரின் சராசரிப் பக்குவம் மாறியது என்பதையும் எண்ண வேண்டும்; தாய்வீட்டை விட்டு ஒருநாளும் தனித்திராத பிள்ளைகள் நேரே அயல்நாட்டுக்குச் செல்வது அதன்பின் சாதாரணமாகிவிட்டது.

விண்ணப்பிப்பவர் எங்கே செல்வார் என்பதைச் சபையின் தலைமையே நிர்ணயிக்கிறது. முன்பெல்லாம் தபாலில் வந்த அழைப்புக் கடிதத்தை உற்றார் உறவினர் சூழ்ந்திருக்கப் பிரித்துப் படிப்பார்கள். இப்போது அது மின்னஞ்சல் வழியாக வருகிறது. பின்னர் யூட்டாவிலுள்ள புரோவோ நகரத்துப் பயிற்சி நிலையத்திலோ, வேறு நாடுகளிலுள்ள அத்தகைய நிலையங்களிலோ சில வாரம் பயிற்சி. புரோவோவில் ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகள் கற்பிக்கப்படுகின்றன. செலவைப் பெரும்பாலும் மிஷனரியும் குடும்பத்தாரும் ஏற்கின்றனர். அமெரிக்கக் குடும்பங்கள் மாதந்தோறும் செலுத்தும் தொகை 2020 ஜூலையில் 400 டாலரிலிருந்து 500 டாலராயிற்று. மலிவான ஊருக்கு அனுப்பப்பட்டவரும் விலைவாசி மிகுந்த நகரத்துக்கு அனுப்பப்பட்டவரும் ஒரே தொகையைச் செலுத்துவது நியாயமான ஏற்பாடு.

நாள் ஒழுங்கு கண்டிப்பானது. காலை 6:30 மணிக்கு எழுந்து, ஜெபமும் தேகப்பயிற்சியும் முடித்து, தனியாகவும் இருவராகவும் வேதம் படித்து, அயல்மொழி பேசும் இடமாயின் மொழிப் பாடமும் பயின்று, முற்பகலில் வெளியே கிளம்பினால், இரவில் அறைக்குத் திரும்பி மறுநாள் திட்டத்தை எழுதிவிட்டு 10:30 மணிக்கு உறங்குவது பல்லாண்டு காலமாக நிலவிய நியமம். 2017 முதல் அந்தந்த நாட்டின் பழக்கத்துக்கேற்பச் சிறிது நெகிழ்வு அனுமதிக்கப்பட்டுள்ளது. ஆண்கள் பெரும்பாலும் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும், இருபாலரும் கறுப்பு நிறப் பெயர்ப்பட்டையும் அணிவர். மூப்பர், சகோதரி என்னும் அடைமொழியோடு குடும்பப் பெயரால் மட்டுமே அழைக்கப்படுவர். காதல், பொழுதுபோக்குத் திரைப்படம், நீச்சல் ஆகியவை விலக்கு. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்கவும், சாமான் வாங்கவும், வீட்டாரோடு பேசவும் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவும் வெளியார் கண்ணுக்குத் தெரியும் சிரமங்கள். இவ்வாழ்க்கையின் அச்சாணியாகவும், அதன் மிகக் கடினமான பரீட்சையாகவும் இருப்பது வேறொன்று: மிஷனரி ஒருபோதும் தனியாக இருத்தல் ஆகாது. சீஷர்களை இருவர் இருவராக இயேசு அனுப்பிய வேதாகமச் செய்தியைப் பின்பற்றி, ஒவ்வொருவருக்கும் ஓர் உடனூழியர் நியமிக்கப்படுகிறார். பெரியோர் நிச்சயித்துவிட்ட சம்பந்தத்தைப்போல, முன்பின் அறியாத அவரோடு ஒரே அறையில் உறங்கி, ஒரே அடுப்பில் சமைத்து, அவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்திலேயே நாள் முழுவதும் இருந்தாக வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்ற அறிவிப்பு வரும். அப்போது இணை கலையலாம், கலையாமலும் போகலாம். ஒருவர் விதிகளை எழுத்துப் பிசகாமல் அனுஷ்டிப்பவராகவும், மற்றவர் நெகிழ்ச்சியுள்ளவராகவும் அமைந்துவிட்டால், பாத்திரம் கழுவுவதில் தொடங்கும் பிணக்கு ஜெபம் வரை சென்று எட்டும். வாரந்தோறும் இருவரும் எதிரெதிரே அமர்ந்து தம் குறைகளைப் பேசித் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் இதற்காகவே ஏற்படுத்தப்பட்டது. அந்நிய நகரில் ஆபத்துக்கும் சபலத்துக்கும் இந்த ஏற்பாடு காவல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மனத்துக்கு நெருங்கிய ஒருவரும் அருகில் இல்லாத தனிமையையும், ஒரு கணமும் ஒதுங்கியிருக்க இயலாத நெருக்கத்தையும் பதினெட்டு வயதுப் பிள்ளை ஏககாலத்தில் சுமக்க நேர்வதை நாம் இலேசாகக் கருதிவிடலாகாது.

பிரசாரத்தில் மிகுதியாகக் கிடைப்பது நிராகரிப்பே. கதவைத் தட்டினால் திறவாதோரும், திறந்த மாத்திரத்தில் மூடுவோரும், வாதுக்கிழுப்போரும் எங்குமுள்ளனர். வட ஐரோப்பிய நகரங்களில் ஈராண்டில் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்காமல் ஊர் திரும்புவோர் உண்டு. பிரேசிலிலும் பிலிப்பைன்ஸிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் செவிசாய்ப்போர் மிகுதி. எண்ணிக்கையைக் கொண்டு ஊழியரின் ஆத்மார்த்தத்தை அளப்பது தகாது என்று சபையே போதித்தாலும், வாராந்தர அறிக்கை எழுதும் இளைஞனின் உள்ளம் அதை எளிதில் ஏற்பதில்லை. காப்பியும் தேநீரும் மதுவும் விலக்கப்பட்ட இவர்கள், விருந்தாளிக்குத் தேநீர் கொடுப்பதையே மரியாதையாகக் கொண்ட நாடுகளில், கொடுப்பவர் மனம் நோகாமல் மறுக்கவும் கற்றாக வேண்டும்.

வீட்டாரோடு தொலைபேசியில் பேசுவது கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் ஆகிய இரு நாட்களுக்கு மட்டும் என்றிருந்த கட்டுப்பாடு 2019 பிப்ரவரியில் தளர்த்தப்பட்டு, வாரம் ஒருமுறை பேசலாமென்றாயிற்று. இது காலந்தாழ்ந்து வந்த கருணை. ஏக்கமும் மனச்சோர்வும் பக்திக் குறைவின் அடையாளமென்று எண்ணித் தம்மையே நொந்துகொண்ட எத்தனையோ பேருக்கு அது முன்பே கிடைத்திருக்க வேண்டும். மன அழுத்தத்தைக் கையாளும் முறைகளை விளக்கும் கையேடு ஒன்றையும் சபை மிஷனரிகளுக்கு வழங்கிவருகிறது. புற ஆபத்துக்களும் இல்லாமலில்லை: 1989இல் பொலிவியாவின் லா பாஸ் நகரில் இரு மிஷனரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர், 2016 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸ் விமான நிலையக் குண்டுவெடிப்பில் சிலர் படுகாயமுற்றனர். 2020இல் கொரோனா பரவியபோது பல்லாயிரவர் அவசரமாகத் தாய்நாடுகளுக்குத் திருப்பி அழைக்கப்பட்டனர்.

காலம் முடித்துத் திரும்புவோரை உறவினர் விமான நிலையத்திலேயே வரவேற்கின்றனர். கற்றுக்கொண்ட மொழி அவர்களுக்குக் கல்வியிலும் உத்தியோகத்திலும் துணையாகிறது. நோயாலோ மனத்துயராலோ இடையில் திரும்பியவரின் நிலைமை வேறு. ஈராண்டு ஊழியம் ஆண்மைக்கும் பக்திக்கும் அளவுகோலாகிவிட்ட சமூகத்தில், ஆறு மாதத்தில் வந்தவரிடம் காரணம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் குற்றச்சாட்டாகவே அவர் செவியில் விழும். திருமணப் பேச்சிலும் அது ஒரு குறையாக எழுவதுண்டு. இத்தகையோர்க்கும், உடல்நிலை காரணமாக வெளியூர் செல்ல இயலாதோர்க்கும், வீட்டிலிருந்தபடியே உணவு வங்கிகளிலும் தர்ம ஸ்தாபனங்களிலும் பணியாற்றும் சேவை ஊழியம் என்னும் மற்றொரு வழி வகுக்கப்பட்டுள்ளது; அமெரிக்காவிலும் கனடாவிலும் 2019 முதல் இருவகை ஊழியத்துக்கும் ஒரே விண்ணப்பமும் ஒரே விதமான அழைப்பும் அமைந்துள்ளன.