விசைத்தறியில் இருப்பது விசையா, திறனா?

திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறி என்ற சொல்லைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் இயற்பியல் பாடத்தில் விசை என்பதன் பொருள் வேறு. ஒன்றைத் தள்ளுவதும் இழுப்பதும் விசை. அந்த விசையால் பொருள் நகர்ந்தால் அது வேலை. வேலை செய்யும் தகுதி ஆற்றல். ஒரு நொடியில் செய்யும் வேலை திறன். கைத்தறியிலும் நெசவாளியின் கையும் காலும் விசை தருகின்றன. அப்படியானால் மின்சாரத்தில் ஓடும் தறியைத் 'திறன்தறி' என்றல்லவா சொல்ல வேண்டும்!

இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. ஆற்றல் அழியாது என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1847-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ஆற்றலுக்குப் பதில் 'விசை' என்று பொருள்படும் ஜெர்மன் சொல்தான் இருந்தது. தமிழில் கலைச்சொற்களை ஒழுங்குபடுத்த 1916-இல் ராஜாஜி முதலானோர் சேலத்தில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பாடநூலில் சொற்கள் பிரிந்தன. தறிக்கூடத்தில் பழைய சொல்லே நிலைத்தது.

கொங்கு நாட்டில் அந்த 'விசை' எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் கிணற்று நீரைக் கவலை கட்டி மாடுகள் இறைத்தன. 1888-இல் தொடங்கிய கோவையின் ஸ்டேன்ஸ் மில் போன்றவை நீராவியால் ஓடின. 1932-இல் நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மலைமேல் தேங்கிய நீரில் இருப்பது நிலை ஆற்றல். அது குழாயில் பாய்ந்து இறங்கும்போது இயக்க ஆற்றல். டர்பைனும் ஜெனரேட்டரும் அதை மின்னாற்றலாக மாற்றின. கோவை வட்டாரத்தில் ஆலைகளும் மோட்டார் பம்புகளும் பெருகியது அதன் பிறகுதான். மாடு இழுத்த வேலையை மோட்டார் செய்தது. ஆனாலும் மோட்டாரின் திறனை இன்றும் குதிரைத்திறனில்தான் சொல்கிறோம்!

ஒரு குதிரைத்திறன் சுமார் 746 வாட். 2 குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் 10 மணி நேரம் ஓடினால் சுமார் 15 யூனிட் ஆகும். குதிரைத்திறன் என்பது திறன். யூனிட் என்பது ஆற்றல். கரண்ட் பில்லில் இரண்டும் வேறு வேறு கணக்கு. கூலிக்கு நெய்பவருக்கு இந்த வித்தியாசம் பரீட்சைக்கான ஒரு மார்க் கேள்வி அல்ல, மாதச் செலவு.

2012 வாக்கில் தமிழகம் பல மணி நேர மின்வெட்டில் தவித்தபோது தறி இருந்தது, நூல் இருந்தது, ஆளும் இருந்தார். ஆற்றல் மட்டும் வரவில்லை, தறி நின்றது. விசை என்றாலும் திறன் என்றாலும், ஆற்றல் இல்லாமல் ஒரு இழைகூட நகராது.