சுவரில் மாட்டிய திருப்பாடல்கள்

"கொலையா செய்தோம், கொள்ளையா அடித்தோம்?" பாவசங்கீர்த்தனத்துக்கு அழைத்தால் நம்மில் பலர் சொல்லும் பதில் இது. வீட்டில் எரிந்து விழுவதும் புறம் பேசுவதும் நம் கணக்கிலேயே வருவதில்லை.

430-ஆம் ஆண்டு. வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரை வண்டல் படைகள் முற்றுகையிட்டிருந்தன. உள்ளே, 75 வயது ஆயர் புனித அகுஸ்தினார் காய்ச்சலில் கிடந்தார். மிலானில் புனித அம்புரோசியாரிடம் அவர் திருமுழுக்குப் பெற்று 43 ஆண்டுகள் ஆகியிருந்தன. தம் இளமைத் தவறுகளை நூலாகவே எழுதி அறிக்கையிட்டவர். அன்றாடப் பிழைகளுக்கு அன்றாட மருந்து, ஆண்டவர் கற்பித்த செபத்தில் நாம் மன்னிப்புக் கேட்கும் அந்த வரியே என்று போதித்தவர். இனி அவருக்கு என்ன பாக்கி என்றுதான் நாம் கேட்போம்.

நற்பெயர் பெற்ற கிறிஸ்தவர்களும் குருக்களும்கூட, தகுந்த மனவருத்தமின்றி உலகை விட்டுப் போகக் கூடாது என்று அவர் சொல்வதுண்டு. குருக்களையும் சேர்த்துச் சொன்னது, மறையுரை ஆற்றும் நமக்கு உறைக்கத்தான் செய்கிறது.

மனம் வருந்தும் தாவீதின் திருப்பாடல்களை எழுதச் செய்து, படுக்கையிலிருந்து தெரியும்படி சுவரில் மாட்டவைத்தார். வாசித்து வாசித்து அழுதார். மருத்துவர் வரும்போதும் உணவு வரும்போதும் தவிர யாரும் உள்ளே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் நண்பரான ஆயர் பொசிதியுஸ் இதை எழுதி வைத்திருக்கிறார். ஏறத்தாழ பத்து நாள்கள் அப்படியே கழிந்தன. ஆகஸ்ட் 28 அன்று இறைவனடி சேர்ந்தார்.