பாம்பு கொடுத்த மாத்திரை

ஜராராக்கா! பிரேசில் நாட்டு விவசாயக் கூலிகளைக் குலைநடுங்க வைக்கும் விரியன் பாம்பு. விஷம் அதிகம் ஏறினால் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி, ஆள் சுருண்டு விழுந்துவிடுவார்.

ஏன் இறங்குகிறது? 1948-ல் சாவ் பாவ்லோவில் ரோஷா இ சில்வாவும் இரண்டு சகாக்களும் இந்த விஷத்தை நாயின் ரத்தத்தில் சேர்த்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் புதிதாக ஒரு பொருள் உண்டானது. பெயர், பிராடிகைனின். ஒன்பது அமினோ அமில மணிகளைக் கோத்த குட்டி மாலை! இந்த மாதிரிக் குட்டி மாலைகளைத்தான் பெப்டைடு என்கிறோம். ரத்தக் குழாய்களைத் தளர்த்துவது இதன் வேலை.

ஆனால், நம் உடம்பு பிராடிகைனினைச் சில விநாடிகளில் சிதைத்துவிடும். அப்படியும் அழுத்தம் ஏறாமல் கிடக்கிறதே, எப்படி? ரோஷா இ சில்வாவின் சீடர் செர்ஜியோ ஃபெரெய்ரா 1965-ல் விடை சொன்னார். அதே விஷத்தில் வேறு சில பெப்டைடுகள் இருந்து, சிதைக்கும் என்சைமைத் தடுக்கின்றன. திருடன் வீட்டுக்குள் புகுந்ததோடு நில்லாமல், காவல்காரனையும் கட்டிப்போட்ட கதை!

விஷச் சரக்கோடு லண்டனில் ஜான் வேன் என்பவரின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார் ஃபெரெய்ரா. அங்கே 1968-ல் பாக்லே இன்னொரு உண்மையைக் கண்டுபிடித்தார். ரத்தக் குழாய்களை இறுக்கும் ஆஞ்சியோடென்சின்-2 என்ற பொருளைத் தயாரிக்கிற என்சைமையும் இந்த விஷம் முடக்குகிறது. பி.பி.க்கு மருந்து தேடியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அமெரிக்காவின் ஸ்க்விப் கம்பெனி அந்தப் பெப்டைடுகளில் ஒன்றைச் செயற்கையாகச் செய்தது. ஊசியில் போட்டால் பி.பி. இறங்கியது. விழுங்கினால்? ஊஹூம்! வயிற்றுக்கு மருந்தும் ஒன்றுதான், பருப்பும் ஒன்றுதான். இரண்டையும் ஜீரணித்துவிடும். ஆயுசு முழுக்க யார் ஊசி குத்திக்கொள்வது?

கம்பெனியின் குஷ்மனும் ஒண்டெட்டியும் யோசித்தார்கள். அந்த என்சைமின் உருவத்தை அப்போது யாரும் பார்த்ததில்லை. கணையத்தில் உள்ள ஒரு என்சைமைப் போல, இதன் நடுவிலும் ஒரு துத்தநாக அணு இருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். விஷப் பெப்டைடின் வால் நுனியில் இருக்கும் புரோலினை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மறுமுனையில், துத்தநாகத்தைக் கப்பென்று பிடித்துக்கொள்ள ஒரு கந்தக அணு. பூட்டைப் பார்க்காமலே சாவி தயார்! 1975-ல் பிறந்த இந்த ‘காப்டோபிரில்’, 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்று மாத்திரையாக விற்பனைக்கு வந்தது.

1999-ல் குஷ்மனுக்கும் ஒண்டெட்டிக்கும் புகழ்பெற்ற லாஸ்கர் விருது கிடைத்தது. ஃபெரெய்ராவுக்கு அதில் பங்கு இல்லை. 2016-ல் அவர் காலமானார்.

இந்த வகை மாத்திரை சாப்பிடும் சிலருக்கு வறட்டு இருமல் வரும். சிதையாமல் தேங்கும் பிராடிகைனினுக்கும் அதில் பங்கு உண்டு என்கிறார்கள். விருது மேடை மறந்த பிரேசில்காரர்களை, உடம்பு மட்டும் இருமி இருமி ஞாபகப்படுத்துகிறதோ என்னவோ!